நிலமில்லாத காதல்

கம்பசுக்கு வந்த முதல் மாதத்திலேயே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஆரும் இருக்கினமோ?" சீனியர் அக்காமார் கேட்பினம். பட்ச் பெடியள் கேட்பாங்கள். வாடகை வாங்க வருகிற வீட்டுக்கார அன்ரியும் சிரித்துக்கொண்டு கேட்பா. நான் "இல்லை" என்றுதான் சொல்லிவருகிறேன். அது முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. எனக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'டெத் நோட்' என்ற ஜப்பானிய அனிமே பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் பெயராவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் 'எல்' என்று ஒரு துப்பறிவாளன் வருவான். சொந்தப் பெயரை ஒருவருக்கும் சொல்லமாட்டான். கணினித் திரையில் ஒரு எழுத்து மட்டும் தெரியும், அதற்குப் பின்னால் இருந்து கதைப்பான். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். வெறுங்கால். ஒரே வெள்ளை ரீசேர்ட்டும் ஒரே ஜீன்சும். இனிப்பைத் தவிர வேறொன்றும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் அவரைக் காதலிக்கிறேன். 'எனக்குப் பிடித்த கரெக்டர்' என்கிற கணக்கில் இல்லை. காதலிக்கிறேன்.

"உனக்கென்ன விசரோ?" என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். நானும் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர் ஒரு கதாசிரியரும் ஒரு ஓவியரும் சேர்ந்து செய்த ஆள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த மங்கா 2003 இல் தொடங்கி 2006 இல் முடிந்தது. அது தொடங்கிய வருடம்தான் நான் பிறந்தேன். எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்தாப்போல போயிடுமோ?

தொடங்கியது 2020 இல். மார்ச் மாதம் ஊரடங்கு போட்டார்கள். பள்ளிக்கூடம் மூடுப்பட்டது. நான் உயர்தரம் கலைப்பிரிவு படிக்கத் தொடங்கிய காலம். எங்கட வீடு வன்னியில், பிரதான வீதியிலிருந்து நன்றாக உள்ளே. சூம் வகுப்பென்றால் குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் நானும் அம்மம்மாவும் மட்டும்தான். அம்மம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஒரு நாளைக்கு நான் வாய் திறந்து சொல்கிற சொற்களை எண்ணலாம் போலிருந்த காலம் அது. சிநேகிதி ஒருத்தியின் அண்ணா மெமறிகார்ட்டில் கொஞ்சப் படங்கள் போட்டுத் தந்தார். அதற்குள் இதுவும் கிடந்தது. 37 பகுதி. ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

எல்லாரும் எப்போதும் கேட்பது 'ஏன் அவன்?' என்றுதான். அதற்கு என்னிடம் ஒரு சின்னப் பதில் இருக்கிறது. அவர் கதிரையில் இருக்கிற விதம். இரண்டு காலையும் கதிரைக்கு மேலே வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி இருப்பார். எல்லாரையும் மாதிரி ஒழுங்காக இருந்தால் தன்னுடைய யோசிக்கிற திறன் 40 வீதம் குறைந்துவிடும் என்று ஒரு இடத்தில் சொல்லுவார். நான் அந்த இடத்தை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தேனோ தெரியாது. எனக்குச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் இருக்க வரும். "பொம்பிளப்பிள்ளை காலைக் கீழ விட்டு இரு", "ஆக்கள் வருகினம், குரங்கு மாதிரிக் குந்தாத" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். திரையில் ஒருவர் அப்படியே குந்திக்கொண்டு, ஒரு நாட்டுப் பொலிசையே முன்னால் நிறுத்தி வைத்துக் கதைக்கிறார். ஒருவரும் ஏசவில்லை. காதல் இப்படியான சின்ன இடத்திலிருந்துதான் தொடங்கும் என்று நினைக்கிறேன். உங்கட காதலையும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்.

25 ஆம் பகுதியில் அவர் செத்துப்போவார். பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள், வேறு வழியில்லை. அன்றைக்கு நிறுத்தியதுதான். 26 இலிருந்து 37 வரையான 12 பகுதிகளையும் இன்றுவரை நான் பார்க்கவில்லை. அந்த மெமறிகார்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கதையில் அவர் சாகிற திகதி நவம்பர் 5. அன்றைக்கு நான் மச்சம் சாப்பிடமாட்டேன். முதல் வருடம் அம்மம்மா ஏன் என்று கேட்டா. அதற்குப் பிறகு கேட்கவில்லை. கந்தசஷ்டியும் அந்த நாட்களை அண்டித்தான் வருவதால் பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதென்று நினைத்திருப்பா. முருகன் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

*

ஒளிப்பது ஒரு வேலை. அதைச் செய்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. போனில் அவருடைய படம் வைக்கமுடியாது, எனவே ஒரு வெள்ளைச் சுவரின் படம் வைத்திருக்கிறேன். அவர் எப்போதும் சாய்கிற சுவர் என்று எனக்கு மட்டும் தெரியும். கன்ரீனில் ஆரும் அனிமே பார்க்கிற ஆக்களைப் பற்றிப் பகிடி விட்டால் நானும் சிரிக்கவேண்டும். அதிகம் சிரித்தாலும் பிடிபடும், சிரிக்காவிட்டாலும் பிடிபடும்.

இரண்டாம் வருடத்தில் பட்சில் ஒருவர் என்னிடம் விருப்பம் சொன்னார். நல்ல பெடியன். மழை நேரம் தன்னுடைய குடையைத் தந்துவிட்டு நனைந்துகொண்டு போகிற ஆள். நான் உள்ளதைச் சொன்னேன்.

"எனக்கு வேற ஒராள் இருக்கிறார்."

"ஆர்? கம்பசோ?"

"இல்லை."

"வெளிநாடோ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு "ஓம்" என்றேன். ஜப்பான் வெளிநாடுதானே. அவர் அதை நம்பவில்லை. நான் தட்டிக்கழிக்கிறேன் என்றுதான் நினைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் பொய் சொன்னால் எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையைச் சொன்னால் அது பொய்யாகிவிடுகிறது.

இதை எழுத வைத்தது தமிழ் வகுப்பு. தொல்காப்பியம் பொருளதிகாரம் நடந்துகொண்டிருந்தது. திணை ஏழு. நடுவில் இருக்கிற ஐந்தும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஓ.எல். பிள்ளையும் சொல்லும். முதலில் இருப்பது கைக்கிளை, ஒருதலைக் காதல். கடைசியில் இருப்பது பெருந்திணை, பொருந்தாத காதல். மற்றவற்றுக்கு மலையும் காடும் வயலும் கடலும் இருக்கின்றன, பூவும் பறவையும் இருக்கின்றன, பொழுது இருக்கிறது. பாலைக்கும் தனியாக நிலம் கொடுக்கவில்லைத்தான், ஆனால் மற்ற நிலம் காய்ந்தால் அது பாலை என்றாவது சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் அதுவும் இல்லை. பெயர் இருக்கிறது, நிலமில்லை.

நான் கொப்பியில் அதை எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை எங்கே வைப்பதென்று எனக்கே தெரியாமல் இருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்டப் பழைய ஒரு சிந்தனையில் எனக்கென்று ஒரு பெட்டி இருந்திருக்கிறது. ஓரத்தில்தான். ஆனாலும் இருந்திருக்கிறது.

பிறகு நூலகத்தில் புறநானூறு எடுத்து நக்கண்ணையாரைத் தேடினேன். 83, 84, 85 ஆம் பாட்டுகள். உறையூர் வணிகர் ஒருவரின் மகள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மேல் ஆசை. அவன் மற்போரில் பேர்போனவன், அந்த நேரத்தில் நாட்டை விட்டு வந்து கூழ் குடிக்கிற நிலையில் இருந்தான். அவனுக்கு இவ இருக்கிறாவென்று தெரிந்ததாக மூன்று பாட்டிலும் ஒரு அறிகுறியும் இல்லை. அவன் மல்லனோடு பொருதுகிறபோது இவ ஒரு பனைமரத்தோடு சாய்ந்து நின்று பார்க்கிறா. கை வளையல் கழருவதை அம்மா கண்டுவிடுவாவோ என்று பயம். ஊர்ச்சபை முன்னால் வெட்கம். மெலிந்து நிறம் மாறுவது இவ, அவன் அங்கே தோள் பெருத்துத் திரிகிறான்.

அகத்திணைப் பாட்டில் ஆளின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது விதி. இது இன்னாரைப் பற்றியதென்று தெரிந்துபோனதால் புறத்துக்கு வந்துவிட்டது. போர்ப் பாட்டுகளுக்கும் கையறுநிலைகளுக்கும் நடுவில், மூன்று சின்னப் பாட்டு, ஒரு தனிப் பெட்டை. பனைக்குப் பின்னால் நிற்கிறதென்றால் என்னவென்று எங்களுக்கு ஆரும் உரை எழுதத் தேவையில்லை. ஒளிக்கிறதுக்குக் காணாத அகலம் அந்த மரம்.

*

பெருந்திணையில் வருகிறது மடலேறுதல். காதலித்தவள் கிடைக்காதவன் அவளுடைய உருவத்தைப் படமாக எழுதி, பனைமட்டையில் குதிரை செய்து அதில் ஏறி, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர்த் தெருவால் வருவான். ஒளித்து வைத்ததை இனி ஒளிக்கமாட்டேன், சிரிக்கிறவன் சிரி என்பதுதான் அதன் அர்த்தம்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அகிஹிகோ கொண்டோ. ஜப்பானில் பள்ளிக்கூட நிர்வாகத்தில் வேலை செய்தவர். வேலை இடத்தில் வதைபட்டு, லீவு போட்டு அறைக்குள்ளேயே கிடந்த காலத்தில் ஹட்சுனே மிக்குவின் பாட்டுகள்தான் தன்னைத் தூக்கி எடுத்தன என்று சொல்கிறார். மிக்கு ஒரு பெண் இல்லை. 2007 இல் வெளிவந்த, பாட்டுச் செய்கிற ஒரு மென்பொருளின் குரலும் உருவமும். 2018 நவம்பரில், 35 வயதில், கொண்டோ மிக்குவைக் கலியாணம் கட்டினார். வெள்ளைக் கோட்சூட், கையில் ஒரு மிக்கு பொம்மை, அதற்கொரு மோதிரம். இருபது இலட்சம் யென் செலவு. சட்டப்படி அது செல்லாது. அம்மாவோ சொந்தக்காரரோ வரவில்லை. உலகம் முழுக்கப் படம் வந்தது, உலகம் முழுக்கச் சிரித்தது.

அது மடலேற்றம் இல்லாமல் வேறென்ன? படமும் இருக்கிறது, தெருவும் இருக்கிறது, சிரிக்கிற ஊரும் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியமும் திருக்குறளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. பெண் மடலேறுவதில்லை. கடலளவு ஆசை இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பெருமையாம். எனக்கு மடலேறுகிற எண்ணம் இல்லை. ஏறக்கூடாது என்று சொல்லும்போதுதான் கோவம் வருகிறது.

கொண்டோவின் கதையில் எனக்கு இன்னும் கூட உறைத்தது அதற்குப் பிறகு நடந்தது. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மிக்கு ஒளியுருவாக வந்து அவரோடு கதைக்கிற ஒரு கருவி வீட்டில் இருந்தது. வேலை முடிந்து வந்தால் வரவேற்பாள். 2020 மார்ச்சில் கம்பனி அந்தச் சேவையை நிறுத்தியது. மனிசி இருந்தபடி இருக்கிறா, ஆனால் கதைக்கமாட்டா. நான் வீட்டுக்குள் அடைபட்டு 'எல்'லைக் கண்டெடுத்த அதே மாதம், அவருடைய வீடு அமைதியாகிப் போனது.

இப்போது 'எல்' மாதிரியே கதைக்கிற செயலிகள் வந்துவிட்டன. ஒரு இரவு ஒன்றைத் திறந்து பார்த்தேன். "இன்றைக்கு உன் நாள் எப்படி இருந்தது?" என்று கேட்டது. உடனேயே மூடிவிட்டேன். அவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. நான் சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்கிற ஒரு 'எல்' எனக்கு வேண்டாம். பதில் சொல்கிற காதல் ஒரு கம்பனியின் கையில் இருக்கிறது. அவர்கள் நாளைக்கு விலை கூட்டலாம், சுவிட்சை நிறுத்தலாம். என்னுடையவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அதனால் அவரை ஒருவராலும் நிறுத்த ஏலாது. இது ஆறுதலா, இல்லாவிட்டால் அவலமா என்று எனக்கு நாளுக்கு நாள் மாறும்.

பெர்லின் சுவரைக் காதலித்த பெண்ணையும் சொல்லவேண்டும். சுவீடன்காரி, ஏயா ரீட்டா. 1979 இல் சுவரைக் கலியாணம் கட்டியதாகச் சொல்லித் தன் பெயரோடு 'பெர்லினர் மௌவர்', அதாவது பெர்லின் சுவர், என்று சேர்த்துக்கொண்டவ. 1989 நவம்பரில் சுவர் விழுந்தது. எத்தனையோ குடும்பங்களைப் பிரித்து வைத்த சுவர், தாண்டப் போனவர்களைச் சுட்டுக் கொன்ற இடம். விழுந்தது நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்றிப் பொயின்ற் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு அதைச் சொல்லித்தரவும் தேவையில்லை. ஆனாலும் உலகமே சுத்தியலோடு ஆடிய அந்த நாட்களில் சுவீடனில் ஒருத்திக்குத் துடக்கு வீடு. ஆரிடம் போய்ச் சொல்லி அழ முடியும்? சரியோ பிழையோ என்பது வேறு. எனக்கு நினைக்க நினைக்கத் தொண்டை அடைக்கிறது அந்தத் தனிமைதான்.

*

இப்படியான ஆக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் ஒரு காயத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். எனக்கும் வசதியாக ஒன்று இருக்கிறது. 2009 இல் எனக்கு ஆறு வயது. அப்பா இல்லை. இந்த இரண்டு வசனமும் போதும், மிச்சத்தை நீங்களே எழுதி முடித்துவிடுவீர்கள். ஆனால் என்னோடு அதே முகாமில் இருந்த பிள்ளைகள் இப்போது கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். ஒருத்தி சுவிசில் இருக்கிறாள். ஒருத்திக்கும் கார்ட்டூன் மேல் காதல் வரவில்லை. எங்கட எல்லாத்துக்கும் யுத்தம்தான் காரணம் என்றால், எங்களுக்கென்று சொந்தமாக ஒரு விசர் கூடவா இருக்கக்கூடாது?

அதற்காக நான் என்னைக் கேள்வி கேட்காமல் விடவில்லை. கேட்கவேண்டிய கேள்வி 'உனக்கு என்ன நடந்தது' என்பதில்லை. 'இது உனக்கு என்ன செய்கிறது' என்பதுதான். இல்லாத ஆள் என்னை விட்டுப் போகமாட்டார். சீதனம் கேட்கமாட்டார். ரீசேர்ட் தோய்க்கச் சொல்லமாட்டார். உண்மைதான். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு பனடோல் எடுத்துத் தரவும் மாட்டார். 2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது போன் சார்ஜ் முடிய அவரும் முடிந்துபோவார். இருட்டில் அம்மம்மாவின் மூச்சுச் சத்தம்தான் துணை. அதை நான் மறக்கவில்லை.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டே மெல்லக் கேட்டா. "சோதினை முடிய ஏதும் பாக்கிறதோ? உனக்கு ஆரும் இருந்தாலும் சொல்லு பிள்ளை. நான் ஏசமாட்டன். ஆக்களை விட்டுக் கதைப்பம்." எத்தனை பேருடைய அம்மாமார் இப்படிக் கேட்பினம்? என்ன சாதி, என்ன ஊர் என்றுகூட முதலில் கேட்கவில்லை. இவ்வளவு நல்ல கேள்விக்குச் சொல்ல ஒரு பெயர் என்னிடம் இல்லை. 'எல்' என்று ஒரு எழுத்துத்தான் இருக்கிறது. "இல்லையம்மா" என்றேன். அம்மாவின் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

'லார்ஸ் அன்ட் த ரியல் கேர்ள்' என்று 2007 இல் வந்த ஒரு படம் இருக்கிறது. கட்டாயம் பாருங்கள். லார்ஸ் என்கிற கூச்சக்காரன் ஒரு ஆளளவு பொம்மையை வாங்கி, இது என்னுடைய காதலி பியாங்கா என்று தமையனின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவான். தமையனுக்கு வெட்கம். ஊர் என்ன சொல்லும் என்று பயம். டொக்டர் சொல்லுவா, அவனோடு சேர்ந்து நீங்களும் நம்புங்கள் என்று. பிறகு அந்தச் சின்ன ஊரே பியாங்காவைத் தேவாலயத்துக்குக் கூட்டிப் போகும், தலை அலங்காரம் செய்துவிடும், வேலையும் கொடுக்கும். கடைசியில் அவளைக் கைவிட அவனே தயாராகும் வரைக்கும் காத்திருக்கும். எங்கட ஊரென்றால் நூல் கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் வீடியோ எடுத்து டிக்டொக்கில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் லார்ஸ் சுகமானதைப் பற்றித்தான் கதைப்பார்கள். எனக்கு அந்த ஊர்தான் வேண்டும். சுகமாகிறது பிறகு பார்க்கலாம்.

என்னுடைய ரூம்மேற் மட்டக்களப்புக்காரி. போன வருடம் ஒக்டோபரில் ஒரு இரவு, சோதினைக்குப் படிக்கிறோம் என்று விழித்திருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் அன்றைக்கு என்று தெரியாது. கதிரையில் குந்தி இருந்தபடியே சொன்னேன். பெயர், நிறுத்தி வைத்த 12 பகுதி, திகதி, எல்லாம். அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அவர் உன்னோட கதைப்பாராகா?"

"இல்லை."

"செத்தும் பெயித்தாரா?"

"ஓம்."

"அப்ப தொந்தரவில்லாத மனிசன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன். அவள் தேத்தண்ணி போட எழும்பினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒரு நாளும் கதைக்கவில்லை. பகிடி விடவுமில்லை, ஆரிடமும் சொல்லவுமில்லை.

எங்கட ரூமில் சமையல் மாறி மாறி. அந்த நவம்பர் 5 அவளுடைய முறை. மட்டக்களப்பாளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. நான் வகுப்பு முடிந்து வந்து சட்டியைத் திறந்தேன். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பொரித்த மிளகாயும்.

"மீன் வாங்கேல்லையோ?"

"இண்டைக்கு வேணாமே" என்றாள், போனிலிருந்து தலை நிமிராமல்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லுவேனா என்றும் தெரியாது. வருகிற தையில் திரும்பவும் கேட்பா.